சொந்த அசதி

மாரத்தான் விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி இது: ‘தற்சமயம் தங்களுக்குச் சொந்த அசதி ஏதும் உண்டா?’ பக்கத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். பிரதிக்ஷா ஏழு வருடங்களாக ‘இல்லை’யில் டிக் அடித்து வருகிறாள். திருநெல்வேலி மாநகரத்தில் ஒருவர்கூட ‘உண்டு’ என்று டிக் அடித்ததாகத் தகவல் இல்லை. அசதியே இல்லாத ஊர் போலிருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டால் அதற்கு நாம் பொறுப்பல்ல.

அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. பெயரை மட்டும் கேட்டால் காலேஜ் படிக்கிற பெண் என்று தோன்றும். அவள் பிறந்த சமயத்தில் பெண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள். அந்தப் பிரதிக்ஷாக்களும் தன்யஸ்ரீக்களும்தான் இன்றைக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்தொன்பதாம் வார்டில் அவளைப் பிரதியக்கா என்பார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆள் தூக்குகிற வேலை. தூக்குவதற்கு இயந்திரம் உண்டு. அதன் கை மேலே பட்டதும் பெரியவர்கள் அலறியதால், அதற்கு உறை போட்டு மூலையில் நிறுத்திவிட்டுப் பிரதிக்ஷாவை வைத்துக்கொண்டார்கள். மொத்தம் இருபத்திரண்டு பேர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, மறுபடி கட்டிலுக்கு.

புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். ஒரே மகள் மேகவர்த்தினி ஓசூரில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். “எப்படிம்மா இருக்க?” என்பாள். “நல்லாருக்கேம்ட்டி. லேசா அசதி.” “ரெஸ்ட் எடும்மா.” “சரி.” பேச்சு அதற்குமேல் போவதில்லை, போகவேண்டிய அவசியம் இருப்பதாக இரண்டு பேருக்குமே தோன்றியதில்லை.

அந்த வருட மாநகர மாரத்தான் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஐந்து மணிக்கெல்லாம் கொக்கிரகுளத்து ஆற்றங்கரையில் வார்டுக்கு ஒரு பந்தலாக வரிசையாகப் போட்டாயிற்று. பத்தொன்பதாம் வார்டுப் பந்தலில் நாற்பது பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்குத் தாங்கிகள் என்று பெயர். ஓடப்போகிறவனின் அசதியைத் தாங்கப்போகிறவர்கள். புதிதாக வந்திருந்த புரோட்டாக் கடை ஹாஜிராவுக்கு விஷயம் முழுசாகப் புரியவில்லை. மாநகர ஓட்டக் குழுவின் டெக்னீஷியன் முபாரக், பிடரியில் ஒட்டுகிற பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினான்.

“அசதி காலுல இருக்குன்னுதான நெனைக்கிய? காலுல ஒண்ணுங் கெடையாது. அது சூடாகும், தேயும், அவ்வளவுதான். ‘போதும், நில்லு’ன்னு சொல்லுதது மண்டை. அதுவும் நெசமாவே போதும்னு ஆகுததுக்கு ரொம்ப முன்னாலயே சொல்லிரும். பயந்த சுபாவம். அந்த ‘நில்லு’ இருக்குல்லா, அதைத்தான் இந்த ஒட்டு ஒரு பிடரியில இருந்து எடுத்து இன்னொரு பிடரிக்கு அனுப்புது.”

“அப்போ ஓடுத பயலுக்கு ஒண்ணுமே தெரியாதா?”

“தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

“நல்லா இருக்கே கதை! வருசம் பூரா நாங்க படுத பாடு பத்தாதா?”

“நாப்பது பேருல்லா இருக்கீய. பங்கு போட்டா, ஆளுக்கு நாலு மாடி ஏறி இறங்குன கணக்குதான். தலைத்தாங்கி மட்டும் கால் பங்கு எடுப்பாங்க. அது பிரதியக்கா பாடு.”

“தாங்க முடியலன்னா?”

முபாரக் அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு பித்தானைக் கட்டினான். “இதை அழுத்துங்க. அசதி வாய்க்கா எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பிச்சிரும். உங்க மேலுல இருக்க அசதி, நோவு எல்லாம் அவனுக்குப் போயிரும். ஒட்டைப் பிச்சு எடுக்குத வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும்.”

“எல்லாம்னா? என் இடுப்பு வலியுமா?”

“எது யாருதுன்னு அதுக்குத் தெரியுமா? எல்லாம்தான்.”

பிரதிக்ஷா சிரித்தாள். அவளுக்கு அந்தப் பழைய கதை ஞாபகம் வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் இருபத்தேழாம் வார்டில் ஒரு தாங்கி பல்வலியை மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். கை தவறிப் பித்தானை அழுத்தியதில், முதலாவதாக வந்துகொண்டிருந்த ஓட்டக்காரர் ஜங்ஷனில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, கிராம்பு கிடைக்குமா என்று கேட்டார். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகுதான் பதினோராவது கேள்வியைச் சேர்த்தார்கள்.

அசதி ஒட்டு வந்த புதிதில் நடந்தவை சிரிக்கிற மாதிரி இல்லை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் நாள் முழுக்க டென்னிஸ் ஆடினார்கள். அவர்கள் வீட்டு வேலைக்காரர்கள் பாத்திரத்தைத் தேய்த்தபடியே மூச்சு வாங்கினார்கள். ஆலைகளில் ஒரு ஷிஃப்ட் வேலை பார்த்தது, இன்னொரு ஷிஃப்ட் வீட்டில் படுத்து அந்த வேலைக்குக் களைத்தது. அடுத்தவன் அசதியை இன்னொருவன் தலையில் கட்டுவதற்கு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, எத்தனையோ நூற்றாண்டாகக் கருவியே இல்லாமல் அதைச் செய்து பழகியவர்கள்தான். பிறகு சட்டம் வந்தது. அசதியை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஒரே ஒரு விலக்கு, வருடத்துக்கு ஒருநாள், மாரத்தான். வார்டுக்கு ஒரு ஓட்டக்காரர், அதே வார்டுக்காரர்கள் தாங்க வேண்டும், காசு கூடாது.

விலக்கு நீடித்ததற்குக் காரணம் இருந்தது. முதல் வருட ஓட்டம் முடிந்தபோது போலீஸ்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடிக்காத தெருக்களைச் சேர்ந்தவர்கள் ஒரே பந்தலில், ஒரே ஆளின் கால்வலியைப் பங்கு போட்டுக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தார்கள். அந்த வருடம் கோயில் கொடை விழாக்களில் வெட்டுக்குத்து குறைந்தது. இவன் வலி எனக்குத் தெரியும் என்று ஆனபிறகு அரிவாளை ஓங்குவது கொஞ்சம் சங்கடமான காரியம் போல.

ஜெயிக்கிற வார்டுக்கு ‘முதல் வார்டு’ என்று பட்டம். அடுத்த ஒரு வருடத்துக்கு ரோடு, சாக்கடை, விளக்கு, ஆற்றுத் தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கேதான் முதலில் தொடங்கும். பத்தொன்பதாம் வார்டில் குழாய்க்குத் தோண்டிய பள்ளம் மூன்று வருடமாக வாயைப் பிளந்து கிடந்தது. லாரித் தண்ணீர்தான். வார்டுக் குழுத் தலைவர் லிங்கதுரை அண்ணாச்சி பார்க்கிறவர்களிடமெல்லாம், “இந்த வருசம் விட்டோம், பெறவு எம் பேரனுக்குத்தான் குழா வரும்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஓடப்போகிற செல்வின் பந்தலுக்கு வந்தான். இருபத்தெட்டு வயது, கூரைகளில் சூரியத் தகடு கழுவுகிற தொழில், ஒல்லியான ஆள். ஐந்து வருடமாக அவன்தான் வார்டுக்கு ஓடுகிறான், ஐந்து வருடமாகப் பிரதிக்ஷாதான் அவனுக்குத் தலைத்தாங்கி. வழக்கப்படி அவன் அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அவள் அவன் பிடரியில் ஒட்டைப் பதித்து அமுக்கினாள்.

“வச்சிருங்கக்கா, வந்து வாங்கிக்கிடுதேன்,” என்றான் செல்வின். ஓடுகிறவன் சொல்லவேண்டிய வாசகம் அது. ஓட்டம் முடிந்ததும் திரும்பி வந்து, நாற்பது பேரின் ஒட்டையும் அவனே எடுக்க வேண்டும். மிச்சம் இருக்கிற அசதி அப்போது அவனுக்குப் போய்விடும். இரண்டு நாள் தூங்குவான்.

“பைய போயிட்டு வா,” என்றாள் பிரதிக்ஷா. இதுவும் வழக்கம்தான். மாரத்தானில் மெதுவாகப் போகச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று யாரும் கேட்டதில்லை.

ஐந்தரைக்கு வெடி போட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரம் பந்தலில் அரட்டைதான். சுக்குக்காபி வந்தது. ஹாஜிரா, “இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை அலப்பறை?” என்றாள். இருபதாவது கிலோமீட்டரில் அவள் பேச்சு நின்றது. இருபத்தைந்தில் பாயில் சாய்ந்துவிட்டாள். முப்பதில் பந்தல் முழுக்க மூச்சுச் சத்தம். தபால் ஆபீஸ் கிளார்க்கும், பூக்கடைக்காரரும், அவருடன் நான்கு வருடமாகப் பேசாத அவர் தம்பியும் ஒரே நேரத்தில் வலது கெண்டைக்காலைப் பிடித்து நீவினார்கள். செல்வினின் அசதி எப்போதும் வலது கெண்டைக்காலில்தான் தொடங்கும்.

பிரதிக்ஷாவுக்கு அவன் அசதி அத்துப்படி. முதலில் கெண்டைக்கால். பிறகு தொடை. பிறகு இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு பிடிப்பு. கடைசியில் அடித்தொண்டையில் ஒரு வறட்சி. அவள் அதைத் தன் அடுப்படிச் சாமான் மாதிரி இடம் தவறாமல் அறிவாள். ஓட்டக் குழுவின் கணக்கில் அவளுடைய தாங்குதிறன்தான் மாநகரத்திலேயே அதிகம். காரணம் என்னவென்று ஒரு வருடம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து கேட்டார்கள். “பழகிப் போச்சு சார்” என்றாள். அதை எழுதிக்கொண்டு போனார்கள்.

முப்பத்துநான்காவது கிலோமீட்டரில் புதிதாக ஒன்று வந்தது.

அது தாடையில் தொடங்கியது. பிறகு இடது தோளில் இறங்கியது. நெஞ்சின் மேல் ஈரச் சாக்கைப் போட்டதுபோல் ஒரு கனம். குமட்டியது. நெற்றி வியர்த்தது, வியர்வை ஜில்லென்று இருந்தது. பிரதிக்ஷா, தலைத்தாங்கிக்கென்று போட்டிருந்த நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டாள். இந்தப் பையனிடம் இதுவரை இப்படி ஒன்று வந்ததே இல்லையே என்று நினைத்தாள்.

“முபாரக்கு, செல்வினுக்கு எப்படி இருக்கு பாரு.”

முபாரக் திரையைப் பார்த்தான். “துடிப்பு நூத்தி எழுவது. ஓடுதவனுக்கு அவ்வளவு இருக்கும். முதல்ல வாரான்க்கா! ரெண்டாவது ஆளு நானூறு மீட்டர் பின்னால.”

“மத்தவங்களுக்கு ஏதும் புதுசா தெரியுதா?”

தெரியவில்லை என்றார்கள். கால் வலிக்கிறது, தொண்டை காய்கிறது, அவ்வளவுதான். அவளுக்குக் கால் பங்கு வருவதால் தனக்கு மட்டும் முதலில் தெரிகிறது என்று பிரதிக்ஷா எடுத்துக்கொண்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

திரையில் செல்வின் முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி வந்தான். பந்தல்களுக்கு முன்னால் ஓடும்போது கை அசைத்துச் சிரித்தான். நையாண்டி மேளம் காதைப் பிளந்தது. அவன் சிரித்ததுதான் அவளைக் கலக்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் எட்டாம் வார்டு ஓட்டக்காரர் இதேபோலச் சிரித்தபடிதான் வந்து சேர்ந்தார். சிரித்தபடியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் உடம்பு ‘நில்லு, நில்லு’ என்று கத்தியதை நாற்பது பேர் கேட்டிருந்தார்கள், அவர் ஒருவரைத் தவிர. தாங்கிகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. தாங்குவதற்குத்தானே வந்தோம் என்று இருந்துவிட்டார்கள்.

“அண்ணாச்சி,” என்றாள் பிரதிக்ஷா. “நான் திருப்பப் போறேன்.”

லிங்கதுரை அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. “எம்மா, கோட்டி புடிச்சிட்டா உனக்கு? இன்னும் நாலு கிலோமீட்டர்!”

“அவனுக்கு நெஞ்சுல என்னமோ இருக்கு. எனக்குத் தெரியுது.”

“அவன் மேலுக்கு முடியலன்னா அவனுக்குல்லா மொதல்ல தெரியணும்?”

“அவனுக்கு எப்படித் தெரியும்? அதத்தான் நாம வாங்கி வச்சிருக்கோமே!”

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். வார்டில் எண்ணூறு வீடு, எண்ணூறு வீட்டுக் குடமும் அவர் கண்முன் நின்றன. குரலைத் தாழ்த்தினார். “பிரதி, மூணு வருசமா லாரி பின்னால ஓடுதோம். உங்க இல்லத்துல கெடக்கவங்களுக்குக் குளிக்கத் தண்ணி உண்டா? ஒரு கால் மணி நேரம் பொறுத்துக்கோ தாயி. நீ பொறுக்காததா?”

பிரதிக்ஷாவுக்கு அழுகை வந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. தண்ணீர் வந்தால் அவள் இடுப்புக்கும் நல்லதுதான். ஆனால் ஈரச் சாக்கின்மேல் இப்போது இன்னொரு சாக்கு விழுந்திருந்தது. இதோடு அந்தப் பிள்ளை நாலு கிலோமீட்டர் ஓடுவானா, ஓடி முடித்துச் சிரித்துக்கொண்டே உட்காருவானா? வேண்டவே வேண்டாம். அண்ணாச்சி கையைப் பிடிப்பதற்குள் அவள் பித்தானை அழுத்திவிட்டாள்.

ஒரு நொடியில் எல்லாம் போய்விட்டது. தாடை, தோள், நெஞ்சு, எல்லாம். பிரதிக்ஷா எழுந்து நின்றாள். உடம்பு பூப்போல் இருந்தது. ‘பாத்தீயளா, அவனுதுதான், திருப்புனதும் போயிட்டு’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முழங்கால் வலியும் கூடவே போயிருந்தது. மாடிப்படியில் நாலு மாதமாக இரைத்துக்கொண்டிருந்த மூச்சும் சீராகியிருந்தது. அதெல்லாம் எப்படிப் போயிற்று என்று அவள் யோசிக்கவில்லை. இவ்வளவு சுகமாக இருக்கும்போது யார் யோசிப்பார்கள்? நாலு எட்டு நடந்து பார்த்தாள். ஒரு டம்ளர் பதநீர் வாங்கிக் குடித்தாள்.

திரையில் செல்வினின் புள்ளி முருகன்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது.

“நின்னுட்டான்!” என்று அலறினார் அண்ணாச்சி. “சவத்த, எல்லாம் போச்சு!” முப்பத்தொன்றாம் வார்டு ஓட்டக்காரர் அந்தப் புள்ளியைத் தாண்டினார். பக்கத்துப் பந்தலில் வெடி போட்டார்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பிரதிக்ஷா மனசுக்குள் வேண்டிக்கொண்டே திரையைப் பார்த்தாள். அங்கே சாலையோரம் மருத்துவக் கூடாரம் இருக்கிறது, பிழைத்துக்கொள்வான்.

புள்ளி நகர்ந்தது. எதிர்ப்பக்கமாக.

முபாரக் திரையைத் தட்டிப் பார்த்தான். புள்ளி வந்த வழியே திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் சாதாரண ஓட்டம் இல்லை, பந்தயத்தில் அவன் ஓடியதைவிட வேகம். பந்தலில் படுத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மூச்சு முட்டியது.

“கிறுக்குப் பய! எங்கல ஓடுதான்?” அண்ணாச்சி தாங்கிகளைப் பார்த்துக் கத்தினார். “எல்லாரும் திருப்புங்க! அப்பதான் நிப்பான்!”

ஹாஜிரா பாயில் புரண்டு கையைக் கட்டிக்கொண்டாள். பேச முடியாமல் பேசினாள். “திருப்ப மாட்டேன். அந்தப் பய எதுக்கோ ஓடுதான். ஓடி முடிக்கட்டும்.”

பூக்கடைக்காரர் தன் பித்தானைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தார். “நான் அழுத்திருவேன் போலுக்கு, நீ வச்சுக்கோ,” என்றார். நாலு வருடத்தில் அவர் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

ஆறு நிமிடத்தில் செல்வின் வந்தான். எதிரே வந்த ஓட்டக்காரர்களை ஒதுக்கிக்கொண்டு, தடுப்புக் கயிற்றைத் தாண்டி, பந்தலுக்குள் விழாத குறையாக வந்து நின்றான். முகம் சாம்பல் நிறம். இடது கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். வலது கை மூடியிருந்தது.

“உக்காருங்க!”

“நீ உக்காரு முதல்ல! உனக்குத்தான்…”

“யக்கா, கையெடுத்துக் கும்பிடுதேன், உக்காருங்க. அசையாதீய.” வலது கையை விரித்தான். வியர்வையில் பாதி கரைந்த மாத்திரை ஒன்று இருந்தது. “இதை மென்னு முழுங்குங்க. டாக்டரம்மா குடுத்து விட்டாங்க.”

“எனக்கு என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன்? இப்படி நல்லா இருந்து எத்தனை நாளாச்சு!”

“நல்லாத்தான் இருப்பீய,” என்றான் செல்வின். “உங்களுது எங்கிட்டல்லா இருக்கு.”

அவன் தரையில் உட்கார்ந்து, விட்டுவிட்டுச் சொன்னான். கூடாரத்தில் அவனைப் படுக்க வைத்து இதயத்தைப் பார்த்தார்கள். குதிரை மாதிரி இருக்கிறது, ஒரு பழுதும் இல்லை என்றார் டாக்டரம்மா. அப்படியானால் இந்த நெஞ்சு யாருடையது என்று அவன்தான் கேட்டான். “எனக்குக் காலுலதான ஆரம்பிக்கும்? இது தாடையில ஆரம்பிச்சிது. இது நான் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. கால் பங்கு ஒரேயடியா திரும்பி வந்ததால நீங்கதான்னும் தெரிஞ்சுது.” டாக்டரம்மா பந்தலுக்குப் போன் அடித்தார். மேளச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஓட்டத்துக்காக மெயின் ரோட்டை அடைத்திருந்ததால் ஆம்புலன்ஸ் சுற்றித்தான் வர வேண்டும், கால் மணி நேரம் ஆகும். ஓடுகிறவன் ஒருவன் கைவசம் இருந்தான்.

“இதோடயா ஓடி வந்த?” என்றாள் பிரதிக்ஷா.

“வலி மட்டுந்தான எங்கிட்ட. நோய் உங்ககிட்டல்லா இருக்கு. மெல்லுங்கக்கா.”

அவள் மென்றாள். ஆம்புலன்ஸ் வந்தது. உள்ளே நடந்தது ஒரு வேடிக்கை. எங்கே வலிக்கிறது என்று நர்ஸ் பிரதிக்ஷாவிடம் கேட்டாள். எங்கேயும் இல்லை என்றாள் பிரதிக்ஷா. “தாடை. தோளு. இப்ப முதுகுக்கும் வந்துட்டு,” என்றான் எதிர் சீட்டில் சுருண்டிருந்த செல்வின். நர்ஸ் அதைப் பிரதிக்ஷாவின் தாளில் எழுதினாள். ஒட்டைப் பிய்த்துவிடட்டுமா என்று கேட்டாள். “வேண்டாம். உள்ள கொண்டுபோய் முடிக்குத வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும்,” என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளுகட்டிலில் வைத்து அடைப்பு எடுக்கிற அறைக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் செல்வின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகம் கோணுவதைப் பார்த்து, இது என் முகத்தில் வரவேண்டியது என்று அவளுக்கு உறைத்தது. இத்தனை வலியா தன்னிடம் இருந்தது! அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஏழு வருடமாகக் கேட்டுக் காதில் ஊறிய வாசகம்தான் வாயில் வந்தது.

“வச்சிரு. வந்து வாங்கிக்கிடுதேன்.”

“பைய போயிட்டு வாங்க,” என்றான் செல்வின்.

இரண்டு அடைப்பு. எடுத்துவிட்டார்கள். இன்னும் அரை மணி நேரம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எப்போதும் அப்படிச் சொல்வார்கள், இந்தத் தடவை உண்மையாகவும் இருந்தது.

முப்பத்தொன்றாம் வார்டு முதல் வார்டு ஆயிற்று. பத்தொன்பதாம் வார்டில் பள்ளம் அப்படியேதான் கிடக்கிறது. வார்டில் சிலர் பிரதிக்ஷாவைத் திட்டினார்கள், ஒளிப்பானேன். லிங்கதுரை அண்ணாச்சி இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு பை சாத்துக்குடியோடு வந்து, “அடுத்த வருசம் பாத்துக்கிடுவோம். நீ தாங்குதேன் கீங்குதேன்னு வந்துராத” என்று முறைத்துவிட்டுப் போனார். பதினோராவது கேள்வியை எடுத்துவிட்டு ஒவ்வொரு தாங்கியையும் டாக்டர் பார்க்க வேண்டும் என்று விதி கொண்டுவரப் போவதாகக் கேள்வி. இதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

அண்ணாச்சி போனபிறகு செல்வின் வந்தான். ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்த முகம். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“ஒட்டை எடுத்ததும் அசதி திரும்பி வந்துட்டாக்கா?”

“வந்துட்டுல. ஆனா நெஞ்சுல இருந்தது வரல. அதை எடுத்துட்டாங்கல்லா.”

“நான் முக்கா மணி நேரம் வச்சிருந்தேன்,” என்றான் செல்வின். “கடைசில அழுதுட்டேன். நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுனவன். நீங்க இதோட எத்தனை நாளா நடந்தீய?”

பிரதிக்ஷா கணக்குப் பார்த்தாள். நேற்றுமுன்தினம் வந்தது பெரிசு. அதற்கு முன்னால் சின்னச் சின்னதாக வந்துகொண்டுதான் இருந்தது. பங்குனியில் மாடிப்படியில் நின்றது. தை மாதம் ஒரு பெரியவரைத் தூக்கும்போது கண் இருட்டியது. “கார்த்திகையில இருந்துன்னு வச்சுக்கோயேன்,” என்றாள். “அசதின்னுல்லா நெனச்சேன்.”

“அந்தப் பேப்பருல என்ன டிக் அடிச்சீய?”

கதவு திறந்தது. மகள் ஓசூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள், தோளில் பை, தலை கலைந்திருந்தது. கட்டில் ஓரமாக வந்து நின்று அம்மாவைப் பார்த்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல், தெரிந்ததையே கேட்டாள்.

“எப்படிம்மா இருக்க?”

“நல்லாருக்கேம்ட்டி, லேசா…” என்று தொடங்கிய பிரதிக்ஷா செல்வினைப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் பொய் சொல்ல முடியாது, அவனுக்கு எடை தெரியும்.

“அசதியா இருக்குட்டி,” என்றாள். “ரொம்ப நாளா.”

மகள் பையை இறக்கி வைத்தாள். செல்வின் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினான்.

“எங்கெல்லாம்மா?” என்று கேட்டபடி அவள் உட்கார்ந்தாள்.